வெர்லின் டக்கெட்டின் ஆறு வருடப் பூஜ்யம்

எங்கள் ஹார்க்கி ஏரியில் பொய் சொல்வது குற்றமில்லை, ஒரு மரியாதை. மூன்று மீன் பிடித்தவன் பன்னிரண்டு என்பான். கேட்கிறவன் அதை மனசுக்குள் நாலால் வகுத்து மூன்று என்று சரியாகப் புரிந்துகொள்வான். உண்மை எங்கும் அடிபடாமல் ஊர் வந்து சேர்ந்துவிடும். "எங்கே பிடிச்சே?" என்று எவனாவது நாகரிகமில்லாமல் கேட்டால், "வாயில பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியை மூட வேண்டும். இது ஓக்லஹோமாவின் இந்த மூலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு.

இந்த ஒழுங்கைக் கெடுத்தவர் வெர்லின் டக்கெட். அவரும் பொய்தான் சொன்னார், ஆனால் தலைகீழாகச் சொன்னார். இருபது பிடித்துவிட்டுப் பூஜ்யம் என்றார். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தானே. யாராலும் உண்மையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பூஜ்யம் ஆறு வருடம் சேர்ந்து, கடைசியில் அவர் உயிராக நினைத்த மீனுக்கே எமனாக வந்து நின்றது.

வெர்லினுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடம் மாவட்டத்தின் மண் சாலைகளை மட்டமாக்கும் கிரேடர் வண்டி ஓட்டினார். காலை ஆறு மணிக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறினால் மாலை வரை இறங்கமாட்டார். எதிரில் வருகிறவர்களுக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். ஊரோடு அவருக்கு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அவர் மனைவி ஜுவனெல், அக்காவைப் பார்க்க ரெண்டு வாரம் டல்ஸா போய் வருகிறேன் என்று கிளம்பினார். பதினாலு வருடமாகிறது. சண்டை இல்லை, விவாகரத்து இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். அச்சடித்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்து மட்டும் இருக்கும்.

மிச்சம் இருந்தது ஹைப்ரிட் மீன். கடலிலிருந்து ஆறேறும் கோடு போட்ட பாஸ் மீனையும் எங்கள் ஆற்று வெள்ளை பாஸையும் மீன்துறைப் பண்ணையில் சேர்த்துப் பிறக்க வைப்பது. ஒரு பக்கத்து உடம்பு, இன்னொரு பக்கத்துக் கோபம். விலாவில் ஓடும் கருங்கோடுகள் நடுவில் உடைந்து, யாரோ அவசரத்தில் தப்பாக ஒட்டியது மாதிரி தள்ளிப்போய் இருக்கும். ஏரியில் தானாகப் பெருகாது. ஒவ்வொரு மே மாதமும் லாரியில் குஞ்சுகள் வரும், குழாய் வழியாகத் தண்ணீரில் இறங்கும். லாரி வரவில்லை என்றால் ஏழெட்டு வருடத்தில் வம்சமே முடிந்தது. வாரிசில்லாத மீன். வெர்லினுக்கும் வாரிசில்லை. இதையும் அதையும் சேர்த்து நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தினால் எனக்குத் தெரியவருவதற்கு ஒரு வருடமாவது ஆகும்.

மற்றவர்கள் உயிருள்ள பொடிமீனைக் கொக்கியில் குத்தித் தொங்கவிட்டுப் பிடிப்பார்கள். வெர்லினுக்கு அது பிடிக்காது. மான் வால் மயிரும் வெள்ளிச் சரிகையும் வைத்துச் சாப்பாட்டு மேசையில் அவரே கட்டிய பொய்க்குஞ்சுதான் அவருடைய இரை. அதற்கு எடை கிடையாது. கனமான நூலைக் காற்றில் முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசி, நூலோடு சேர்த்துத்தான் இரையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். பிறகு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் நூலை வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஹைப்ரிட் கடித்தால் கடித்தது மாதிரி இருக்காது. ஓடுகிற பஸ்ஸில் நூல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். படகுப் பக்கம் கொண்டுவந்து, பெருவிரலை வாய்க்குள் விட்டுத் தூக்கி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

இடம்தான் விஷயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அணையின் கதவை மூடியபோது மாவட்டத்தின் நாற்பத்தேழாம் எண் சாலை தண்ணீருக்குள் போனது. வெர்லின் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் மட்டமாக்கியது அந்தச் சாலையைத்தான். தண்ணீர் ஏறுவதற்கு முந்தின வாரம்கூட மட்டமாக்கினார். அந்த உத்தரவை ரத்து செய்ய மாவட்ட அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆக, உலகத்திலேயே மிக நேர்த்தியாகப் பராமரித்த ஏரி அடி எங்களுடையது. அந்தச் சாலை ஒரு மேட்டைக் கடக்கிற இடத்தில் தண்ணீர் ஆறடிதான். இரண்டு பக்கமும் இருபத்தைந்து. தெற்குக் காற்று அடித்தால் பொடிமீன் கூட்டம் அந்த மேட்டில் போய் ஒதுங்கும். விடியும்போது ஹைப்ரிட்கள் படையாக வந்து அதைச் சாலை மேலேயே மடக்கும். தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். மற்ற நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே படகில் போகிறவனுக்கும் தெரியாது. சாலையின் முதுகு எங்கே என்று தெரிந்த ஒரே மனிதர் ஏரிக்கு நடுவில் தனியாகப் படகில் நின்று சாட்டை வீசிக்கொண்டிருப்பார்.

இனி ரமோனா பிக்ஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் பரிமாறி ஓய்வு பெற்றவர், புருஷன் இறந்துவிட்டார். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மீன்துறை அவருக்கு ஒரு பரீட்சை அட்டையும் ஆரஞ்சு மேல்சட்டையும் மடக்கு நாற்காலியும் கொடுத்துப் படகுத்துறையில் உட்கார வைக்கும். கரையேறுகிறவர்களிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த மீனைத் தேடி, பிடித்தது எத்தனை, திரும்ப விட்டது எத்தனை. எந்த நாள் வருவார் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும், முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால் வெர்லின் தினமும் சவரம் செய்துகொண்டார்.

"எத்தனை பேரு வெர்லின்?"

"நான் ஒருத்தன்தான் அம்மணி."

"எந்த மீனைத் தேடிப் போனீங்க?"

"குறிப்பா ஒண்ணுமில்ல. சும்மா காத்து வாங்கினேன்."

"பிடிச்சது?"

"பூஜ்யம்."

"விட்டது?"

"பிடிச்சாத்தானே அம்மணி விடறதுக்கு."

ரமோனா சிரிப்பார். "உங்கள மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்காரரா இருந்தா இந்நேரம் படகை வித்துக் கோழி வாங்கியிருப்பாரு."

வெர்லின் வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கமாட்டார். மீன்களின் பல் உரசி உரசிப் பெருவிரல் தோல் உரிந்து சிவந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் அவர் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த நாலு நிமிடப் பேச்சை வீடு போகும் வரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வார் என்று பின்னால் சொன்னார். அவரிடம் வரிசையாக ஐந்து கேள்வி கேட்கிற வேறு மனிதர் உலகத்தில் இல்லை. அவற்றில் மூன்றுக்கு அவர் பொய் சொன்னார்.

ஆறாவது வருடம் செப்டம்பரில் படகுத்துறைப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஹார்க்கி ஏரியில் ஹைப்ரிட் விடுவதை நிறுத்த உத்தேசம், கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெதடிஸ்ட் சர்ச் கூடத்துக்கு வரவும். வெர்லின் அதை மூன்று தடவை படித்தார். நான் என் படகுக்கு டீசல் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தார்.

கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தோம். ஒன்பது பேர் கேக்குக்காக வந்தவர்கள். மீன்துறை உயிரியலாளர் கேசி லோவ், முப்பது சொச்சம் வயதுப் பெண், சுவரில் படம் காட்டினார்.

"ஆறு வருஷ சர்வேல ஹைப்ரிட்டைத் தேடிப் போனேன்னு சொன்னவங்க இந்த ஏரியில ஒருத்தர்கூட இல்லீங்க. தற்செயலா பிடிச்சதா சொன்னது மொத்தம் ஒன்பது. நாங்க கரையோரமா போடுற வலையிலயும் ஒண்ணு ரெண்டுதான். பண்ணையில குஞ்சு கம்மி, கேக்குற ஏரி நிறைய. அதனால அடுத்த மே மாசத்துலேர்ந்து இங்க லாரி வராது."

வெர்லின் எழுந்தார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை என்பதால் கூடமே திரும்பியது.

"அந்தப் பூஜ்யம் தப்புங்க," என்றார். "அது என்னோடது."

படகில் ஆள் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் காட்டும் பட்ச் க்ரைடர், வாயில் கேக்கோடு, "பாத்தீங்களா, பூஜ்யத்துக்கும் ஒரு சொந்தக்காரன் வந்துட்டான்!" என்றான்.

"போன வருஷம் மட்டும் நானூத்திப் பன்னெண்டு ஹைப்ரிட் பிடிச்சேன். எல்லாத்தையும் விட்டுட்டேன். அந்த அம்மா கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன்."

கூடம் பழக்க தோஷத்தில் நாலால் வகுத்தது. அப்படியும் நூற்று மூன்று வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"எங்க பிடிச்சீங்க மிஸ்டர் டக்கெட்?" என்று கேசி கேட்டார்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு உள்ள பதில் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெர்லினுக்கும் தெரியும். கடைசி வரிசையில் ரமோனா பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் ரகசியமாகப் பேனாவை எடுத்தார்கள். பட்ச் ரகசியம் பார்க்காமலே போனை எடுத்துவிட்டான்.

"பழைய நாப்பத்தேழாம் நம்பர் ரோடு," என்றார் வெர்லின். "ஓவர்ஸ்ட்ரீட் வீட்டுத் தானியக் கிடங்கு இருந்த மேடு. அணைக் கோபுரத்தையும் தண்ணித் தொட்டியையும் நேர்கோட்டுல வெச்சுப் பாத்தா அதுக்கு மேலதான் நிப்பீங்க. தெக்குக் காத்து அடிக்கணும். மேட்டுக்குத் தெக்கால நங்கூரம் போட்டு, காத்தோட வடக்க வீசணும்." கொஞ்சம் யோசித்து, "ஆறரைக்கு வந்தா போதும். முன்னாடி வந்தா ஒண்ணுமிருக்காது," என்று அதையும் கொடுத்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! இருபது வருஷமா அது மேலேயே ஓட்டிட்டுப் போய்ட்டிருக்கேன்யா நான்!" என்று பட்ச் கத்தினான்.

கேசி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். நவம்பரில் அந்த மேட்டில், மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கிற செவுள்வலை இரண்டு போடுவது. ஒரு ராத்திரி தண்ணீரில் கிடக்கட்டும். இரண்டிலும் சேர்த்து முப்பது ஹைப்ரிட் வந்தால் லாரி வரும். வராவிட்டால் இல்லை.

"செவுள்வலையில மாட்டுனது பிழைக்குமா?" என்று வெர்லின் கேட்டார்.

"அநேகமா பிழைக்காது சார்."

வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ரமோனா அவருக்காக நின்றிருந்தார். நான் ரெண்டு கார் தள்ளிச் சாவியைத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் அதையெல்லாம் பேனாவால எழுதி அனுப்பினேன் வெர்லின். அழிச்சு எழுதக்கூடாதுன்னு பேனாவால."

"தெரியும் அம்மணி."

"எடத்தைக் காப்பாத்தணும்னா காப்பாத்துங்க, வேணாங்கல. நான் எப்பவாவது எடத்தைக் கேட்டேனா?"

வெர்லின் இல்லையென்று தலையாட்டினார்.

"அஞ்சு கேள்வியில எடம் கிடையவே கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான். நாப்பதுன்னு சொல்லியிருந்தா நாப்பதுன்னு எழுதிட்டு, நல்லாருங்கன்னு அனுப்பியிருப்பேன். யாரும் கேக்காத ஆறாவது கேள்விக்குப் பயந்துக்கிட்டு ஆறு வருஷம் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க."

ரமோனாவின் கார் கிளம்பிப் போனது. வெர்லின் கை பையிலேயே இருந்தது.

அடுத்த தெற்குக் காற்றுக்கு மேட்டில் பதினோரு படகுகள். பட்ச் இரண்டு டாக்டர்களைக் கூட்டி வந்திருந்தான். வெர்லின் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நங்கூரம் போடாமலே திரும்பினார். தனியாக இருக்கத்தான் அந்த இடத்துக்குப் போனார் என்று நாங்கள் நினைத்தோம். பதினோரு படகில் ஒருவனும் அவரைப் பார்த்து, "வாய்யா, உன் இடம்தானே, ஓரமா நில்லு" என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் அந்தப் பதினொன்றில் ஒன்றில்தான் இருந்தேன்.

நவம்பர் இரண்டாவது வாரம் வலை போட்டார்கள். எந்த இடத்தில், எந்தத் திசையில் என்று கேசியின் படகில் உட்கார்ந்து வெர்லின்தான் கை காட்டினார். அன்று ராத்திரி தூங்கினீரா என்று நான் கேட்கவில்லை. விடிந்ததும் தூக்கினார்கள். கேசி வலையை இழுக்க, அவருடைய உதவியாளர் மீனை விடுவித்துத் தொட்டியில் போட, வெர்லின் எண்ணினார். முதல் வலையில் பத்தொன்பது. பெரும்பாலும் செத்திருந்தது. ஒன்றிரண்டு வாயைத் திறந்து மூடியது.

இரண்டாவது வலையின் முதல் பாதியில் ஒன்றுமில்லை. பொடிமீனும் ஒரு கெண்டையும் வந்தது. வெர்லின் முன்னால் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். வாழ்க்கை முழுவதும் மீனைத் தண்ணீருக்குள் திருப்பி அனுப்பிய மனிதர், இன்னும் சாகட்டும், இன்னும் கொஞ்சம் சாகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. இருபத்திரண்டு. இருபத்தாறு. இருபத்தொன்பதில் வலை சற்று நேரம் காலியாக வந்தது. பிறகு முழங்கை நீளத்தில் ஒன்று, உடைந்த கோடுகளோடு, விறைத்துப்போய் வந்தது.

"முப்பது!" என்று வெர்லின் கத்திவிட்டார். அவர் கத்தியதை ஏரி அதற்கு முன் கேட்டதில்லை. செத்த மீனைப் பார்த்து வந்த அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்று பிறகு கேட்டேன். முப்பத்தொன்று வரைக்கும் என்றார். முப்பதுக்கப்புறம் நாலு வந்தது. நாலும் யாருக்கும் தேவைப்படாத சாவு.

"போதும் சார், லாரி வரும்," என்றார் கேசி. "மே மாசம். நகத்தளவு குஞ்சு."

"கம்பை வளைக்கிற அளவுக்கு வர?"

"நாலு வருஷம் ஆகும்."

"அப்ப எனக்கு எழுபத்தஞ்சு," என்றார் வெர்லின். மீன்களின் வயதைத் தெரிந்துகொள்ளக் கேசி அவற்றின் தலைக்குள்ளிருந்து காதுக்கல் என்கிற பொடி எலும்பை எடுத்துச் சின்ன உறைகளில் போட ஆரம்பித்தார். எடுத்து முடித்த மீனில் இரண்டை வெர்லினுக்கே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் இரண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ரமோனா வீட்டுக்குப் போனார். ரமோனா கம்பிவலைக் கதவைத் திறக்காமலே நின்றார்.

"எத்தனை வந்துச்சு?"

"முப்பத்தி நாலு அம்மணி."

"நெசமாவா?"

"கேசிகிட்ட வேணா கேட்டுப் பாருங்க."

"கேக்கத்தான் போறேன்."

பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு மீனை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஓரத்துல இருக்கிற செவப்புச் சதைய வெட்டிப் போட்டுடுங்க. இல்லன்னா சேத்து வாடை அடிக்கும். மக்காச்சோள மாவுல பொரட்டி நல்லாக் காஞ்ச எண்ணெயில போடுங்க," என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று வெர்லின் எதிர்பார்த்த மாதிரி ஒரு நிமிடம் படியில் நின்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் கிளம்பிவிட்டார்.

ரமோனா அன்றைக்கே கேசிக்குப் போன் செய்தார். முப்பத்து நாலுதான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெரிந்துகொண்டு போனை வைத்துவிட்டார். வெர்லினுக்குப் போன் செய்யவில்லை. செய்யலாமே என்று நான் கேட்டதற்கு, "இத்தனை வருஷத்துல ஒரு தடவை உண்மை சொன்னதுக்குப் பாராட்டு விழா நடத்தணுமாக்கும்?" என்றார். ஆனால் மீனைப் பொரித்துச் சாப்பிட்டேன் என்றும் சொன்னார்.

வெர்லினும் சாப்பிட்டார். சிவப்புச் சதையை வெட்டிப் போட்டு, மாவில் புரட்டி, சொன்ன மாதிரியே செய்தார். மீன் பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மோசமாக இருக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தாராம். "ரொம்ப நல்லா இருந்துச்சுய்யா," என்று ஏதோ மோசடி நடந்துவிட்ட குரலில் என்னிடம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஆள் கிடைத்தது பிப்ரவரியில், பெட்ரோல் பங்கில், நான் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது.

அன்றைக்கு முழு மீனையும் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது மணி இரண்டரை. கேசியிடம் ரமோனா கேட்டிருப்பாரா, கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று போனை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து மணி வரை சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.